படிவம் எழுதிக் களைத்தவர் குளத்துக் கணக்குக்கு வரலாமா?

கேள்வி: மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். பெண், வயது 29. வவுனியாவில் தகவல் தொழில்நுட்பப் பட்டம் முடித்துவிட்டு, கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இந்த நிறுவனத்தில் 4 வருடமும் 7 மாதமும் ஆகிறது. ஜாவா, ரியாக்ட், போஸ்ட்கிரெஸ் தெரியும். வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனமொன்றின் படிவங்களில் பெட்டி சேர்ப்பதும் பெட்டி எடுப்பதும்தான் வேலை. சம்பளத்தில் குறையில்லை. ஆனால் நான் செய்வது யாருக்குப் போகிறது என்றே தெரியவில்லை. அப்பாவுக்கு வவுனிக்குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. குளம், மழை, வெள்ளம், வரைபடம் என்று இந்தப் பக்கம் வர ஆசை. வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்சி. படிக்கவா? வன்னியில் இருந்துகொண்டே இது சரிவருமா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஐந்து மாதத்துக்கு விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முழுமையாக முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. நாலு வருடமும் பதினொரு மாதமும் என்று வெளியேறினால் ஒரு சதமும் வராது. முடித்துவிட்டுப் போனால் இரண்டரை மாதச் சம்பளம் கையில் வரும், மாறுகிற காலத்துக்கு அது பெரிய காசு. நியமனக் கடிதத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்றும் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் பலரை நிறுவனங்கள் ஊழியராக எடுக்காமல் ஒப்பந்தக்காரராக எழுதி வைத்திருக்கின்றன. அப்படியென்றால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. சேமலாப நிதியை மாற்றச் செலவுக்கு நம்பியிருக்கவும் வேண்டாம், பெண்களுக்கு 50 வயதுக்கு முன் சில குறிப்பிட்ட காரணங்களுக்குத்தான் அதை எடுக்கலாம்.

அந்த ஐந்து மாதமும் வீணாகாது. இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று சோதிக்க அவ்வளவு காலம் எப்படியும் வேண்டும்.

முதல் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பி வைத்து, எந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம் போனது, எது அலுப்பைத் தந்தது என்று பின்னேரம் எழுதுங்கள். அலுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து என் பதிலும் மாறும். பயனாளி யாரென்று தெரியாததுதான் அலுப்பு என்றால் நீங்கள் நினைக்கிற பக்கம் சரி. ஏன் வருகிறதென்று தெரியாத பிழையைத் தேடி நாள் முழுக்க இருப்பதுதான் அலுப்பு என்றால், இங்கே அது இன்னும் கூட. காப்புறுதிப் படிவத்தில் பிழை உங்கள் நிரலில் மட்டும்தான் இருக்கும். இங்கே நிரலிலும் இருக்கும், செய்மதிப் படத்திலும் இருக்கும், முப்பது வருடத்துக்கு முந்திய பதிவேட்டிலும் இருக்கும்.

வெளியிலிருந்து பார்க்க நீர் சார்ந்த வேலை ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அது மூன்று தொழில். ஒன்று இடஞ்சார் தரவு, அதாவது செய்மதிப் படங்களையும் வரைபடங்களையும் தரவுத்தளத்தில் ஒழுங்குபடுத்திக் கேள்விக்கு விடை எடுப்பது. இரண்டாவது நீரியல் மாதிரி: இவ்வளவு மழை பெய்தால் குளத்துக்கு எவ்வளவு வரும், வான் கதவு திறந்தால் கீழே எங்கே ஏறும் என்று கணிப்பது. மூன்றாவது கருவி: மழைமானி, நீர்மட்ட உணரி, அவற்றை நடத்தும் மின்கலமும் சிம்மும்.

உங்களுக்குக் கிட்டிய கதவு முதலாவதுதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தெரிந்தவருக்கு அதன் வரைபட நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ் புதுப் பாடமே இல்லை, அதே வினவல் மொழிக்குள் பரப்பளவு, தூரம், வெட்டு என்று சில நூறு சார்புகள் கூடும், அவ்வளவுதான். இரண்டாவதுக்கு இப்போது போக வேண்டாம். அமெரிக்க இராணுவப் பொறியியல் படையணி வெளியிடும் எச்ஈசி-எச்எம்எஸ், எச்ஈசி-ராஸ் என்ற மென்பொருள்கள் இலவசம். உங்களைப் போன்றவர் இரண்டு கிழமையில் ஓட்டப் பழகிவிடலாம். ஆபத்தும் அதில்தான். திறந்த வாய்க்கால் நீரியக்கம் படிக்காதவருக்கு வந்த விடை பிழையென்று கண்ணில் படாது, நிறம் தீட்டிய அழகான வெள்ளப் படம் வரும், ஊர் நம்பிவிடும்.

வன்னியில் இது இன்னும் மோசம், ஏனென்றால் தரை தட்டையானது. விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்து இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு முழு மீற்றர் படிகளில் வருகிறது. அதன் பிழையும் சில மீற்றர். மரம் நிற்கும் இடத்தில் மரத்தின் உச்சிப் பக்கமே உயரமாகப் பதிவாகியிருக்கும். ஒரு கிலோமீற்றருக்கு ஓரிரு அடி மட்டும் இறங்கும் வாய்க்காலை அதைக்கொண்டு கணக்குப் பார்ப்பவர் காட்டின் உயரத்தைத்தான் கணக்குப் பார்க்கிறார்.

ஆகவே முதல் வேலையாக நான் சொல்வது ஒன்றே ஒன்று: வவுனிக்குளத்தில் தண்ணீர் பரவி நிற்கும் பரப்பளவு, ஒரு காலபோகத் தொடக்கத்திலிருந்து அடுத்த காலபோகத் தொடக்கம் வரை, திகதி திகதியாக. ஒரு குளம், ஒரு வருடம், ஒரு எண். கிழமைக்கு எட்டு மணித்தியாலம் ஒதுக்கினால் மூன்று மாதத்தில் முடியும்.

ஐரோப்பிய சென்டினல்-2 செய்மதிப் படங்கள் கோப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசம். வளிமண்டலத் திருத்தம் செய்த இரண்டாம் நிலைப் படத்தையே எடுங்கள். இரண்டு செய்மதிகளும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் எடுக்கும். பச்சைப் பட்டையிலிருந்து அண்மை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது நீர்ச்சுட்டி. அதாவது பட்டை 3, பட்டை 8. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் சுட்டி தண்ணீரில் கூடியும் பச்சைப் பயிரில் சுழியத்துக்குக் கீழும் நிற்கும். ஒரு படப்புள்ளி 100 சதுர மீற்றர். ஏக்கர் 4,047 சதுர மீற்றர் என்பதால் ஏக்கருக்கு 40 புள்ளி. அப்பாவின் மூன்று ஏக்கர் ஏறத்தாழ 121 புள்ளி, வரம்போரப் புள்ளிகளைக் கழித்தால் நம்பக்கூடியது எண்பது சொச்சம். பெரிய குளத்துக்கு இந்த நுணுக்கம் தாராளம். ஐந்தாறு ஏக்கர் சிறு குளத்தில் பாதிப் புள்ளிகள் கரையோரமாகவே போய்விடும்.

எங்கே சறுக்கும் என்பதை விரிவாகச் சொல்கிறேன், வேலைக்கு எடுப்பவர் உங்களிடம் கேட்கப்போவதும் இதைத்தான்.

முதல் சறுக்கல் எண்ணில். 2022 ஜனவரி 25இலிருந்து சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் 1000 கூட்டிச் சேமிக்கிறார்கள். அதைக் கழிக்காமல் பழைய படத்தோடு ஒப்பிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். தண்ணீர்ப் புள்ளி ஒன்றில் பச்சை 600, அகச்சிவப்பு 200 என்று வைத்தால் சுட்டி 400 வகுத்தல் 800, அதாவது 0.5. கூட்டிய 1000ஐ விட்டுவிட்டால் அதே புள்ளி 1600, 1200 ஆகிறது. சுட்டி 400 வகுத்தல் 2800, அதாவது 0.14. நீங்கள் 0.2க்கு மேல் தண்ணீர் என்று வரையறுத்திருந்தால் குளம் ஒரே இரவில் வற்றிவிடும். பழைய படங்கள் சிலவற்றையும் பிறகு மீளச் செயலாக்கி அதே முறையில் வெளியிட்டிருப்பதால் திகதியை மட்டும் பார்த்துக் கழிக்கக் கூடாது, கோப்போடு வரும் விவரத்தில் பதிப்பு எண்ணைப் பார்த்துக் கழிக்க வேண்டும். செய்மதிப் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் ஏர்த் எஞ்சினில் இந்தத் திருத்தம் செய்த தொகுப்பு தனியாக இருக்கிறது. படிப்பதற்கு அது இலவசம், நிறுவனம் ஒன்றுக்காகச் செய்தால் கட்டணம் உண்டு.

இரண்டாவது முகில். நமக்கு முக்கியமான மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. குளம் நிரம்புவதைப் பார்க்க வேண்டிய அந்த மாதங்களில்தான் படம் முழுக்க வெள்ளையாக இருக்கும். முகிலின் நிழலும் தண்ணீர் மாதிரியே கறுப்பாக விழும். கோப்போடு வரும் வகைப்பாட்டுப் படத்தைக்கொண்டு முகிலையும் நிழலையும் நீக்குங்கள். குளத்தின் மேல் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மறைந்திருந்தால் அந்தத் திகதியையே விட்டுவிடுங்கள். இடைவெளியை நிரப்ப சென்டினல்-1 ரேடார் படம் இருக்கிறது, ரேடாருக்கு முகில் ஒரு பொருட்டல்ல. அமைதியான தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும். ஆனால் காற்றடித்து அலை எழும்பினால் அதே தண்ணீர் வெளிறித் தெரியும், கரையோரம் தாமரை மூடியிருந்தால் தரை மாதிரித் தெரியும். இரண்டு ரேடார் செய்மதிகளில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதானதால் அதற்குப் பிந்திய சில வருடங்களுக்குப் படங்கள் குறைவு.

மூன்றாவது வயல். உழுது தண்ணீர் கட்டிய வயலும் சுட்டிக்குத் தண்ணீர்தான். குளத்தின் முழுக் கொள்மட்ட எல்லையை முன்கூட்டியே வரைந்து அதற்குள் மட்டும் எண்ண வேண்டும். அந்த எல்லையைக் குளம் வான் பாய்ந்த நாளை ஒட்டிய தெளிவான படத்திலிருந்து நீங்களே வரையலாம். மற்ற இணைய வரைபடங்களிலிருந்து கோடு பிரதி எடுக்க வேண்டாம், உரிமப் பிரச்சினை வரும்.

பரப்பளவு கிடைத்தவுடன் கொள்ளளவுக்குத் தாவ மனம் வரும். வேண்டாம். பரப்பிலிருந்து ஏக்கர் அடிக் கணக்கிலான கொள்ளளவுக்குப் போக, குளத்தின் மட்டம், பரப்பு, கொள்ளளவு மூன்றும் சேர்ந்த அட்டவணை வேண்டும். அது குளத்தைப் பராமரிக்கும் நீர்ப்பாசன அலுவலகத்தில் இருக்கும். அது பழைய அட்டவணை என்றால் அதற்குப் பிறகு சேர்ந்த வண்டல் அதில் இராது. அட்டவணை கையில் வரும்வரை பரப்பளவு என்றே எழுதுங்கள். துருசடி அளவுகோலில் அடிக்கணக்கில் எழுதப்படும் நீர்மட்டத்தைக் கேட்டு வாங்கி, செய்மதி கடந்த அதே நாட்களுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்காத நாட்களை மறைக்காமல் தனியாகக் குறித்து, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். முழு வேலையிலும் மதிப்பு கூடிய பக்கம் அந்தப் பக்கம்தான்.

அடுத்தது ஆள்கூறு. இந்த நாட்டில் இடத்தைக் கிழக்கு, வடக்கு எண்களால் குறிக்கும் இரண்டு தேசிய வலைச்சட்டகங்கள் புழக்கத்தில் இருக்கின்றன: பழைய கந்தவளை, 1999இன் எஸ்எல்டி99. வரைபட மென்பொருளில் அவற்றைக் குறிக்கும் இபிஎஸ்ஜி இலக்கங்கள் முறையே 5234, 5235. இரண்டையும் எண்ணைப் பார்த்தே பிரிக்கலாம். வவுனிக்குளப் பக்கத்துக்குக் கிழக்கு 1,50,000ஐயும் வடக்கு 4,30,000ஐயும் ஒட்டி வந்தால் பழையது. கிழக்கு 4,50,000, வடக்கு 7,30,000 என்றால் புதியது. இரண்டுக்கும் இடையில் 3,00,000ஐக் கூட்டிக் கழித்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்க வேண்டாம், கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் முறையாக உருமாற்றுங்கள். பழைய சட்டகத்தின் அகலாங்கு நெட்டாங்கைக் கைத்தொலைபேசி ஜிபிஎஸ் தருவதாக நினைத்துப் போட்டால் நூறு மீற்றருக்கு மேல் தள்ளிப்போகும். அலைகரைக்குள் நிற்கும் மரம் அணைக்கட்டுக்கு வெளியே போய் நிற்கும்.

இதற்குள் மென்பொருள் ஆளுக்கென்றே ஒரு வேலை காத்திருக்கிறது. நமது அலுவலகங்களில் உள்ள பழைய குளப் பட்டியல்கள், கமக்காரர் பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. யுனிகோட்டுக்கு மாற்றினால்தான் தேட முடியும். ஒரே குளம் தமிழில் இரண்டு விதமாகவும், ஆங்கிலத்தில் மூன்று விதமாகவும், சிங்களத்திலிருந்து திரும்பி வந்த எழுத்துக்கூட்டலில் இன்னொரு விதமாகவும் இருக்கும். பெயரை வைத்து அட்டவணைகளை இணைத்தால் பாதி விழுந்துவிடும். கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தை வைத்து இணைத்து, மிச்சத்தைக் கையால் பாருங்கள். அளவைகளும் அப்படியே: ஏக்கர், பரப்பு என்ற காணி அளவை, ஹெக்டேயர், அடி, அங்குல மழை, மில்லிமீற்றர் மழை எல்லாம் ஒரே கோப்பில் கிடக்கும். ஒரு ஏக்கர் அடி 1,233.5 கன மீற்றர். ஒரு ஹெக்டேயரில் ஒரு மில்லிமீற்றர் மழை 10 கன மீற்றர். மூல எண்ணையும் மூல அலகையும் ஒருபோதும் அழிக்காதீர்கள், மாற்றியதைப் பக்கத்து நெடுவரிசையில் போடுங்கள். நீரியல் படித்த பொறியியலாளர் பலருக்கு இந்தத் துப்புரவு வேலைக்கு நேரமுமில்லை, பொறுமையுமில்லை. உங்களுக்கு வேலை கிடைக்கப்போகும் வாசல் பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கட்டத்தில் உங்களுக்குள் இருக்கும் மென்பொருள் பொறியியலாளர் கையைப் பிடித்து இழுப்பார்: ஒரு செயலி கட்டினால் என்ன, கமக்காரர் தொலைபேசியில் பார்க்கலாமே என்று. கட்ட வேண்டாம். கமக்காரர் அமைப்பின் செயலாளருக்கு வட்ஸ்அப்பில் ஒரு படமும், கமநல சேவை நிலையச் சுவரில் ஒட்ட ஒரு தாளும் போதும். கட்டியவர் போனபின் கடவுச்சொல் தெரியாமல் நின்றுபோன செயலிகள் இந்தப் பக்கம் ஏற்கெனவே போதியளவு இருக்கின்றன.

கருவிப் பக்கமும் ஆசை இருந்தால் சின்னதாகத் தொடுங்கள். மலிவான மீயொலி உணரி தண்ணீர் வரையுள்ள தூரத்தை அளக்கும், பொருத்திய உயரத்திலிருந்து அதைக் கழித்தால் நீர்மட்டம். ஆனால் ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறும், ஒரு பாகைக்கு நொடிக்கு 0.6 மீற்றர். விடியற்காலைக்கும் மதியத்துக்கும் இடையில் பத்துப் பாகை ஏறினால் ஐந்து மீற்றர்த் தூரத்தில் எட்டு ஒன்பது சென்ரிமீற்றர் பிழை வரும். மத்தியானத்தில் குளம் ஏறுவதாகக் காட்டும், மழையே பெய்திராது. ஆகவே வெப்ப உணரி ஒன்றையும் நிழலில் சேர்த்துப் பொருத்த வேண்டும். கருவியின் சுழியத்தை அளவுகோலின் சுழியத்தோடு கட்டாவிட்டால் அந்த எண்ணை வேறெந்த எண்ணோடும் சேர்க்க முடியாது. வாளி சாயும் மழைமானியில் புனலுக்குள் சருகும் எறும்பும் அடைத்தால் பெருமழை நாளில் மழையே பதிவாகாது. வயரைக் குரங்கு கடிக்கும், இரும்புக் குழாய்க்குள் விடுங்கள். பருவம் மாறுகிற மாதங்களின் இடிமின்னலுக்கு நில இணைப்பு வேண்டும். இவற்றில் எதுவும் கடினமில்லை, ஆனால் மாதாமாதம் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். வன்னியில் இருப்பது உங்களுக்குப் பலமாவது இங்கேதான், கொழும்பிலிருந்து யாரும் மாதாமாதம் வரமாட்டார்கள்.

களத்துக்குப் போகும்போது இரண்டு விதி. கண்ணிவெடி அகற்றல் இன்னும் முடியாத பகுதிகள் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் உள்ளன. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்தில் ஓர் அடிகூட உள்ளே வைக்க வேண்டாம். பலகை இல்லாத காட்டோரம் என்றாலும் கிராம அலுவலரைக் கேட்டுவிட்டு, ஊர்ச் சனம் நடக்கும் பாதையிலேயே போங்கள். மற்றது காணி எல்லை. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ், காணி எல்லையை அளந்து வரைபடம் கொடுப்பது உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலை. நீங்கள் வரைபடம் செய்கிறீர்கள் என்று ஊரில் தெரிந்தவுடன், அனுமதிப்பத்திரக் காணிக்கு எல்லை காட்டித் தரச் சொல்லி ஆட்கள் வருவார்கள். நட்புக்காகக்கூடச் செய்ய வேண்டாம். ட்ரோன் வாங்குவதையும் தள்ளிப் போடுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவும் பறக்க அனுமதியும் வேண்டும், முதல் வருடத்தில் அது இல்லாமலே நிறையச் செய்யலாம்.

வேலை எங்கே கிடைக்கும் என்றால், அரச திணைக்களத்தில் இந்தப் பெயரில் பதவி வெற்றிடம் வருமென்று காத்திருக்க வேண்டாம். காலவரையறை உள்ள திட்டங்கள், ஆலோசனை நிறுவனங்கள், கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல், விவசாய பீடங்களின் ஆய்வுகள், பத்தரமுல்லையைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் போன்றவை, பிறகு வெளிநாட்டு இடஞ்சார் தரவு நிறுவனங்களுக்குத் தொலைவேலை. கண்ணிவெடி அகற்றும் அமைப்புகளும் வரைபடத் தரவு ஆட்களை எடுக்கின்றன. வேலை ஒழுங்கு கடுமை, நல்ல பயிற்சி கிடைக்கும். ஆனால் அகற்றி முடிப்பதற்காகவே நடக்கும் வேலை அது, அங்கேயே ஓய்வுவரை இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். திட்ட வேலைகள் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வருடம். சம்பளமும் இப்போதையதைவிடக் குறைவாகவே தொடங்கும்.

அதனால் காசை இப்போதே பழக்குங்கள். மூன்று மாதம் சம்பளத்தில் நூற்றுக்கு அறுபதை மட்டும் வைத்து வீட்டை நடத்திப் பாருங்கள், மிச்சத்தைத் தொடவே கூடாது. கடன் தவணை, சீட்டு, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் அந்த அறுபதுக்குள் வர வேண்டும். வரவில்லையென்றால் முழுதாக மாறும் காலம் இன்னும் ஆகவில்லை. வந்தால், பணிக்கொடைக்கு உரித்தான பின்பு விலகல் கடிதத்துக்குப் பதிலாக, கிழமைக்கு மூன்று நாள் வேலைக்கு மாற முடியுமா என்று நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். குறைந்த சம்பளத்துக்குப் போவதால் பணிக்கொடைக் கணக்குப் பாதிக்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்துத்தான் அதைக் கணக்கிடுவார்கள்.

எம்.எஸ்சி. இப்போது வேண்டாம். பேராதனை பட்டப்பின் விஞ்ஞான நிறுவகத்தில் புவியியல் தகவல் முறைமை, தொலையுணர்வுப் பாடநெறி இருக்கிறது, நல்லது. ஆனால் மேலே சொன்ன மூன்று தொழிலில் எது உங்களுடையது என்று தெரியாமல் சேர்ந்தால் வருடமும் காசும் போய், இன்னொரு சான்றிதழோடு அதே கேள்விக்குத் திரும்பி வருவீர்கள். குளத்து வேலையை முடித்து, அதில் எந்த இடத்தில் அறிவு போதாமல் நின்றீர்களோ அதைப் படியுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சிறுபோகத்தில் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவு செய்வது போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டம். இருக்கும் தண்ணீருக்கு ஏற்றபடி ஏக்கர் வெட்டப்படும், சச்சரவும் அங்கேதான் வரும். உங்கள் எண் பயனுள்ளதாக வேண்டுமென்றால் கூட்டத்துக்கு முன்பே வர வேண்டும், ஒரு கிழமை பிந்தினால் யாருக்கும் தேவையில்லை. ஆனால் அப்பாவின் வயல் அதே குளத்தின் கீழ் இருக்கிறது. தண்ணீர் கூட இருக்கிறது என்று உங்கள் படம் சொன்னால், மூன்று ஏக்கருக்காகச் சொல்கிறாள் என்பார்கள். குறைவு என்று சொன்னால் வீட்டில் சோறு இறங்காது. ஆகவே வவுனிக்குளத்தைப் பழகும் குளமாக மட்டும் வைத்திருங்கள். வெளியே காட்டும் முதல் வேலையை உங்கள் வீட்டுக்கோ நெருங்கிய சொந்தத்துக்கோ காணி இல்லாத ஒரு குளத்தில் செய்யுங்கள்.

அந்தக் குளம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் அறியுங்கள். 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு உட்பட்ட பாசனப் பரப்புள்ள சிறு குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். அதற்கு மேல் என்றால் மத்திய அல்லது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம். சிறு குளம் என்றால் கமநல சேவை நிலையத்துக்கு ஒரு கடிதமும் கமக்காரர் அமைப்புத் தலைவருக்கு அதன் பிரதியும் கொடுங்கள். குளத்தின் பெயர், கிராம அலுவலர் பிரிவு இலக்கம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, அளவுகோல் பதிவைப் பார்க்க மட்டும் வருகிறீர்களா அல்லது கருவி பொருத்துவீர்களா, பொருத்தினால் எப்போது கழற்றுவீர்கள், முடிவின் பிரதி யாருக்கு முதலில் தரப்படும் என்பதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பிரதி முதலில் அவர்களுக்குத்தான் என்று எழுதுங்கள், அந்த வரியைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள். முத்திரை வைத்த பிரதியை வாங்கிக் கோப்பில் போட்டபின் குளத்தடிக்குப் போங்கள்.